எட்டு மட்டும்

மாண்டிவிடியோவில் இரவு இரண்டு நாற்பதுக்கு
தரவுத்தளம் செத்தது.
கொன்றது இயங்குதளம்.
நினைவகம் தீரும்போது
கூட்டத்தில் கொழுத்தது எதுவோ
அதன் கழுத்தைத் திருகிவிடும்.
அன்றைக்கு எங்களுடையதுதான் கொழுத்திருந்தது.

இந்த நாட்டில் ஆளுக்கு மூன்று மாடு,
மூன்றரை என்றும் சொல்வார்கள்.
ஒவ்வொரு காதிலும் ஓர் எண்.
எண்ணுக்குப் பின்னால்
பிறந்த பண்ணை, ஏறிய லாரி, மேய்ந்த வெளி,
கடைசியாக இறங்கிய இடம்.

பதிவுகளைப் புரட்டினேன்.
தக்வரெம்போவிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர்,
எலாதியோ பிதெகாயின்,
பத்தே வரியில் கேட்டிருந்தார்:
இந்தப் பசுவோடு நின்றவை எவை,
அவற்றோடு நின்றவை எவை,
அவற்றோடும் நின்றவை எவை?
தேதி இல்லை.
ஒரு பசுவுக்கு நானூறு தோழி,
தோழிக்கு நானூறு தோழி.
மூன்றாம் சுற்றில் நாடே எழுந்து
நூற்றிருபத்தெட்டு கிகாபைட் பட்டிக்குள்
முட்டிமோதி நுழைந்திருக்கிறது.

நிபியா ஃபிளாஸ்கை அக்குளில் இடுக்கியபடி வந்தாள்.
மாத்தேக் குடுவையில் வெந்நீரை
ஓரமாக, இலை முழுதும் நனையாமல் ஊற்றினாள்.
"ஒரு கேள்விக்கு எட்டு.
ஐந்தைத் தாண்டினால் டிஸ்க்கில் கொட்டட்டும்,
மெதுவாகும், ஆகட்டும்.
எட்டைத் தொட்டால் அதை மட்டும் நிறுத்து."
"எல்லாருக்கும் சேர்த்து?"
"தொண்ணூறு. மிச்சம் அது மூச்சு விட."

நான்கு வரி தட்டினேன்.
ஒரு சட்டத்தை இப்படியும் இயற்றலாம்:
விடியுமுன், காலுறையோடு.

ஒன்பதரைக்கு ஃபோன்.
"என் கேள்வியைக் கொன்றது யார்?"
"நான்தான். எந்த மாதம் என்று சொல்லுங்கள்."
"எல்லா மாதமும் வேண்டும்."
"எந்த வெளி?"
அவர் பக்கம் மழை. ஒரு நாய்.
"இடது முன்னங்கால் வெள்ளை அவளுக்கு."
"வெள்ளைக்கு எங்களிடம் பத்தி இல்லை, டாக்டர்."

கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது.
பிறகு, பல்லைப் பிடுங்கியது போல:
"மார்ச். இரண்டாம் வாரம்.
ஓடைக்கு வடக்கே உள்ள வெளி.
அன்று அவளைப் பார்த்தது நான்தான்.
ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன்."

பத்து நாள், ஒரே வெளி.
முந்நூறு மெகாபைட்டில் அடங்கிவிட்டது.
நாற்பத்தொரு எண்கள்.
மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்றேன்,
படியுங்கள் என்றார்.
படித்தேன். எழுதிக்கொண்டார்.
இருபத்தேழாவதை மட்டும்
இன்னொரு முறை கேட்டார்.

எட்டு இன்னும் எட்டுதான்.
அவர் கணக்குக்கு மட்டும் பன்னிரண்டு வைத்தேன்.
நிபியாவுக்குத் தெரியும், கேட்கவில்லை.
அவர் அதற்குப் பிறகு
ஒன்றைக்கூடத் தாண்டியதில்லை.