தைக்காத பந்து

விசிறியை நிறுத்திவிட்டேன்.
காற்றுப் பட்டால் சீனி மாவுக்கு
யானைத்தோல் வந்துவிடும்.
பாடாங் செராய் வெயிலில்
பிற்பகல் மூன்று மணிக்கு விசிறியை நிறுத்துகிறவளை
வீட்டில் என்ன சொல்வார்கள்?
அவர் கதவருகே வந்தார், பார்த்தார்,
சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
வாசலுக்குப் போய்விட்டார்.

மீ கடையில் கேட்டு வாங்கிய
இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களில் வெந்த கேக்கு.
க்ரீம் பூசி ஒட்டியதும் உருண்டை.
நேற்றிரவு குளிர்பெட்டியில்
மீன் குழம்புக்குப் பக்கத்தில்
முடி இறக்கிய பிள்ளையின் தலைபோல் உட்கார்ந்திருந்தது.

பிவிசி குழாய்தான் என் உருட்டுக்கட்டை.
சோளமாவைத் தூவி
பதினெட்டு அங்குலத்துக்கு வட்டம் தேய்த்தேன்.
குழாயில் சுருட்டித் தூக்கி
மேலே விட்டேன்.

உச்சியில் சொன்னபடி கேட்கும்.
இடுப்பைத் தாண்டியதும்தான் தொந்தரவு,
சுற்றிலும் பாவாடை மடிப்பு.
மடிப்பை மடிப்பாகவே அழுத்தினால் போச்சு.
ஒவ்வொன்றையும் வெளியே இழுத்து விரித்து
உள்ளங்கையால் கீழே,
இன்னும் கீழே.

பதினொரு ஆண்டு கையுறை ஆலையில் நின்றவள் நான்.
சங்கிலியில் தொங்கி வரும் பீங்கான் கைகள்,
எதையோ கேட்பதுபோல் விரல் நீட்டியபடி.
அவற்றின் ரப்பர் தோலை உரிக்க வேண்டும்.
ஒன்றை உரித்து முடிப்பதற்குள் அடுத்த கை.
வேலையை விட்ட பிறகும்
தூக்கத்தில் தலையணை உறையை உருவினேனாம்,
அவர் சொல்வார்.
இப்போது அதே விரல்கள்
போர்த்தக் கற்றுக்கொள்கின்றன.

பாதியில் போன் அதிர்ந்தது.
மேசையில் சோளமாவும் சேர்ந்து நடுங்கியது.
இரண்டு கையும் பந்தில்.
மூக்கு நுனியால் திறந்தேன்.
இந்துமதி டீச்சர்:
'அக்கா, தோத்துட்டாங்க. பெனால்டியில.
கேக்கு இனிமே...'

அந்த மூன்று புள்ளியைப் பார்த்த நேரத்தில்
தட்டுக்கு நான்கு விரல் மேலே
தோல் பிளந்துவிட்டது.
கட்டைவிரல் நுழையும்.
உள்ளேயிருந்து சாக்லேட் எட்டிப் பார்த்தது.

திரும்ப உரிக்க முடியாது,
க்ரீமும் சேர்ந்து வந்துவிடும்.
பாதி போர்த்தியதை வேண்டாம் என்று
டீச்சர் சொல்லலாம், நான் எப்படிச் சொல்வது?
இழுத்தேன். அடியில் குவிந்ததைக் கத்தியால் நறுக்கினேன்.
மிச்ச மாவைச் சிறு உருண்டையாக்கி
தேய்த்துத் தேய்த்து மழமழப்பாக்கினேன்.
பிளவு மட்டும் வாயை மூடவில்லை.

முழுப் பந்துக்குக் கறுப்பு ஐங்கோணம் பன்னிரண்டு.
முதலாவதை எப்போதும் உச்சியில் வைப்பேன்,
மற்றவை அதைப் பார்த்து இடம் பிடிக்கும்.
இன்று கிழிசலின் மேல் வைத்தேன்.
அதிலிருந்து வெள்ளை, அதிலிருந்து அடுத்த கறுப்பு,
ஸ்கேலும் பல்குச்சியுமாக
ஒரு மணி நேரம்.
கோலம் முழுக்க ஒருபக்கம் சரிந்துவிட்டது.
உருண்டுவந்து நின்ற பந்தில்
உச்சி எது என்று யார் பார்க்கிறார்கள்?

'சாம்பியன்' என்று வெட்டி வைத்திருந்த எழுத்துகளை
என் மகன் தின்றுகொண்டிருந்தான்.
'ன்' மட்டும் மிச்சம்.
அதையும் தின்னச் சொன்னேன்.

செம்பனை ஆலையின் சங்கு ஊதியபோது
பள்ளி வேன் வந்தது.
டீச்சர் பத்துப் பத்து வெள்ளியாக எண்ணி வைத்தார்,
பதில் போடாததற்கு எதுவும் கேட்கவில்லை.
வேனுக்குள் சேறு காய்ந்த முழங்கால்கள்.
யார் மடியில் வைப்பது என்று இழுபறி,
'ஏய், நான்தான் கேப்டன்', 'ஏன், நான் வச்சா என்னவாம்?'

பின் இருக்கை மூலையிலிருந்து
கோல்கீப்பர் பிள்ளை கையை நீட்டினாள்,
கையுறையை இன்னும் கழற்றாமல்.
ஒரு நொடி யாரும் பேசவில்லை.
பிறகு
ஒவ்வொரு கையாக மாறி
பின்னால் போனது பந்து.

வேன் சந்துமுனையில் திரும்பும் வரை பார்த்தேன்.
பள்ளத்தில் மெதுவாகத்தான் இறக்கினார் டிரைவர்.
உள்ளே வந்து
விசிறியை ஐந்தில் வைத்தேன்.