கூட்டக் குறிப்பில் எழுதாதது

தருமபுரம், மாதர் சங்கக் கட்டடம்.
பத்து மணிக் கூட்டம் பதினொன்றரைக்குத் தொடங்கியது.
வந்தவர்கள் இருபத்து மூன்று பேர்.
விடயம் ஒன்றே ஒன்று:
நுண்கடனைத் தொடர்ந்து கட்டுவதா, மறுப்பதா.

சாருலேகா அன்று விடியப்புறம் செத்துப்போயிருந்தாள்,
சென்னையில், நித்திரையில்.
சந்திச் சலூன்காரன் கறுப்புக்கொடி கட்டிவிட்டான்.
ஓட்டோக் கண்ணாடிகளில் அவள் சிரித்தாள்,
கீழே இரண்டு ஆண்டுகள், நடுவில் ஒரு கோடு.

யோகராணி கேட்டாள்:
"ஒரு நிமிசம் எழும்பி நிப்பமே?"

தோழர் அமிர்தநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவர் துடைக்கத் தொடங்கினால் அரை மணித்தியாலம்.
"மூண்டு மாளிகை. கடற்கரையில ஒரு ஹோட்டல்.
கடைசியா அவ நடிச்சது என்ன, சொல்லுங்கோ பாப்பம்?
எங்களைக் கடிக்கிற இந்தக் கொம்பனிக்கு விளம்பரம்!
அக்கா இருக்கிறன், பயப்பிடாதேங்கோ எண்டு
உங்கட பாஸ்புத்தக மட்டையில நிண்டு சிரிக்கிறா.
நஞ்சு குடிச்ச கோணேஸ்வரிக்கு
அவ எழும்பி நிண்டவவோ?"

நான் செயலாளர், எழுதிக்கொண்டிருந்தேன்.
அவர் சொன்னதில் ஒரு வரியும் பிழையில்லை.
பத்தொன்பது வயதிலிருந்து
நான் அந்த வரிகளைத்தான் சாப்பிட்டு வளர்ந்தேன்.

பின்வாங்கில் இருந்தபடியே இராசமலர் சொன்னாள்:
"செட்டிகுளத்தில எங்கட கூடாரத்தில ஒரு கிழிசல்.
அவவின்ர கலண்டர் படத்தை வைச்சுத்தான் ஒட்டினனான்.
மழைக்குச் சாயம் கரைஞ்சு
சின்னவன்ர நெத்தியில வடிஞ்சுது. நல்ல சிவப்பு.
காயமாக்கும் எண்டு கழுவிக் கழுவிப் பாத்தன்.
காயமில்லை, அவவின்ர சீலை.
ரெண்டுபேரும் விழுந்து விழுந்து சிரிச்சம்.
அந்த வருசம் சிரிச்சது அது ஒண்டுதான்."

சின்னவன் இப்போது எங்கே என்று
ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் யோகராணி. பிறகு வாங்கு வாங்காக.
செத்தவீட்டில் அவரவர் பிணத்துக்கு அழுவது
எங்களுக்குப் புதிதில்லை.
ஆனால் வைகாசியில் விளக்குக் கொளுத்தப் போனால்
வாசலில் நின்று அடையாள அட்டை இலக்கம் எழுதுவார்கள்.
என் தம்பியின் படத்துக்கு
அலுமாரிக்குள் வைத்துத்தான் மாலை போட்டோம்.
இன்றைக்கு ஊர் முழுக்கக் கறுப்பு.
யாருக்கு அழுகிறாய் என்று கேட்க
ஒரு மோட்டச்சைக்கிளும் வரவில்லை.
பணக்காரியின் சாவு அகலமானது.
உள்ளே எத்தனை பேரைக் கிடத்தினாலும்
வெளியே தெரியாது.

தோழர் நின்றார், கையில் கண்ணாடி,
துடைத்து முடிந்தும் போடாமல்.

ஒரு மணிக்கு வந்த மோட்டச்சைக்கிள் வேறு.
வசூல்காரப் பெடியன். கறுப்புச் சேட்டு, சிவந்த கண்.
கொம்பனி லீவு குடுக்கேல்லையாம்.
"அக்காமார், கிழமைக் காசு."

கோணேஸ்வரியின் தங்கச்சி வாசலுக்குப் போனாள்.
"தம்பி, இது செத்தவீடு.
செத்தவீட்டில காசு குடுத்து வாங்கிறேல்லை."
பெடியன் எங்களைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான்.
மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பிப் போனான்.

மூன்று மாதம் துண்டுப்பிரசுரம் அடித்திருந்தோம்.
இருபத்து மூன்று பேரும் ஒரு சதமும் கட்டாத நாள்
அதுவரை வரவில்லை.

அடுத்த கிழமை தண்டப்பணமும் சேர்த்துக் கேட்டான்.
பதினாறு பேர் கட்டினார்கள்.
கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இரங்கல் தீர்மானம்: நிறைவேறவில்லை.
முன்மொழிந்தவர் யோகராணி. வழிமொழிந்தவர் எவருமில்லை.
கையெழுத்துப் போட்டுப் பாஸ்புத்தகத்தைப் பையில் வைக்கையில்
மட்டையில் அவள் சிரித்தாள்.
என் லேஞ்சியால் அந்த முகத்தை மூடினேன்.
பிணத்துக்கு அப்படித்தான் மூடுவோம்.
கடன் தந்தவரை வழியில் கண்டாலும்
முகத்தை அப்படித்தான் மூடுவோம், எங்கள் முகத்தை.