ஆயிரத்து நூற்று நாற்பதாவது வரி

நோட்டீஸில் படத்தின் பெயரை
மூன்று விதமாக அச்சடித்திருந்தார்கள்.
மூன்றும் தப்பு.
காரைக்குடி செக்காலை ரோட்டில், டைல்ஸ் கடை மாடியில்
வாடகை நாற்காலி நாற்பத்திரண்டு.
ஏசி ஓடினால் புரொஜெக்டர் அணைந்துவிடும் என்பதால்
வேர்த்து வழிந்தபடி
எதிர்காலத்தைப் பார்த்தோம்.

கையால் வரைந்த எதிர்காலம்.
நம்மில் பாதிப்பேர் பிறப்பதற்கு முன்பே
ஜப்பானில் யாரோ வர்ணம் தீட்டிக் காயவைத்தது.
மழை நின்றுபோன நகரத்தின் உச்சியில்
துளிகளை எண்ணுவதற்கென்றே செய்த ஓர் இயந்திரப் பெண்.
அறுபது வருஷம்.
சாயங்காலமானால் பேரேட்டைத் திறப்பாள்,
பூஜ்யம் எழுதி மூடுவாள்.
கடைசிக் காட்சியில் அவள் வாய் அசைகிறது.
கீழே தமிழில் வருகிறது:
“மழைக்காக இல்லை. நீ வருவாய் என்று.”
பிறகு திரை முழுக்க வெள்ளை.

விளக்கு போட்டதும் கண்டனூர் நாச்சியப்பன் எழுந்தார்.
“வரவே இல்லாத கணக்கை
அறுபது வருஷம் எந்தக் கம்பெனி வச்சிருக்கும்?
இந்தக் கதையில ஆடிட்டரே இல்லங்கிறேன்.”

ஆய்வகத்தில் பேட்டரி செய்யும் உமையாள்:
“அறுபது வருஷம் தாங்குற மின்கலம்!
அதப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.
மத்ததெல்லாம் நம்பிட்டேன்.”

புதுவயல் அரிசி ஆலை ரவூப்
நடுவில் தூங்கியதை ஒப்புக்கொண்டார்.
எழுந்தபோதும் அதே காற்றுதான் அடித்துக்கொண்டிருந்ததாம்.
“ஆனா அந்தத் துரு நிறம் இருக்கே,
நம்ம ஆலைக் கூரையப் பாத்து வரைஞ்ச மாதிரி.”

பொம்மைப் படமென்று மகனைக் கூட்டிவந்த சோலையம்மைக்குக் கோபம்.
“அவன் தூங்கிட்டான். நான் அழுதிட்டு உக்காந்திருக்கேன்.
அம்பது ரூவாய யார்கிட்டக் கேக்குறது?”

பழுது பார்க்க வந்தவனை அவள் காதலித்தாள் என்று ஒரு பையன்.
அப்படி ஒருத்தன் வரவே இல்லை,
அவளாகச் செய்துகொண்ட நினைப்பு என்று இன்னொருவன்.
படியிறங்கியும் ஓயவில்லை;
ஜன்னல் வழியே டீக்கடையிலிருந்து
“நீ, நீன்னு சொல்றாளே, அது யாருடா?”

எப்படிச் சுற்றினாலும் எல்லோரும் அங்கேதான் வந்து நின்றார்கள்.
அந்த ஒரு வரிக்கே காசு சரியாப்போச்சு என்றார்
ஆடிட்டர் கேட்ட அதே நாச்சியப்பன்,
செருப்பைத் தேடிக்கொண்டே.

அந்த வரி என்னுடையது.
எனக்கு ஜப்பான் மொழி தெரியாது.
இங்கிலீஷ் வரிகளைப் பார்த்துப் பதினோரு ராத்திரி
தமிழில் போட்டுக்கொண்டே வந்தேன்.
ஆயிரத்து நூற்று நாற்பதாவது இடத்தில் இங்கிலீஷ் காலி.
உதடு அசைகிறது, குரல் வருகிறது, எழுத்து மட்டும் இல்லை.
மணி இரண்டு.
திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன்.
நடுவில் ‘நீ’ என்று காதில் விழுந்தது.
அது போதுமாக இருந்தது.

எல்லோரும் போகட்டுமென்று நின்றிருந்தாள் செல்வமேரி.
நகோயாவில் மூன்று வருஷம்
கார்க் கதவுகளுக்குத் திருகு முடுக்கியவள்.
“அவ அப்பிடிச் சொல்லலையே அண்ணே.”
“பின்னே?”
“எண்ணுறா.
இச்சி, நி, சன்.
ஒண்ணு, ரெண்டு, மூணு.
அதோட வெள்ளையாயிருது.”

அப்படியானால் மழை வந்திருக்கிறது.
மூன்று சொட்டு.
நாற்பத்தொரு பேருக்கு முன்னால் பெய்தது,
நான் குறுக்கே எழுதி மறைத்துவிட்டேன்.

சனிக்கிழமை தேவகோட்டையில் காட்ட வேண்டும்.
லேப்டாப்பைத் திறந்து வரியை அழித்தேன்.
‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று அடித்தேன்.
சரியாகத்தான் இருந்தது.
அங்கிருக்கும் தங்கைக்கு
பழைய வரியைப் போனில் சொல்லிக்கொண்டே
சோலையம்மை படியிறங்கியது ஞாபகம் வந்தது.
இரண்டையும் அழித்துவிட்டு
கர்சர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலிக்காரர் வீரணன்
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே
சத்தமாக எண்ணினார்.
முப்பத்தொம்பது. நாப்பது. நாப்பத்தொண்ணு.
நின்றார்.
முதலிலிருந்து ஆரம்பித்தார்.
“ஒண்ணு கொறையுதே சார்.”

நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.