வான்

என் வாய் வாடகைக்கு.
வாரநாட்களில் பேர்ன் விசாரணை அறைகளுக்கு.
ஞாயிறு மாலை ஓல்ட்டன் சபைக்கு, காசில்லாமல்.

சபை கூடுவது நிலத்துக்குக் கீழே,
அடுக்குமாடியின் அடியில்
அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய அறையில்.
உலகமுடிவுக்கும் இந்த நாட்டில்
கதவின் தடிப்பை சென்டிமீட்டரில் எழுதிவைத்திருக்கிறார்கள்.
சுவரில் காற்றுவடிகட்டி,
மின்சாரம் போனால் கையால் சுற்ற ஒரு சக்கரம்,
அதில் யாரோ மறந்துவிட்ட குடை.

பாஸ்டர் நேசதுரை தமிழில் கடைசி நாட்களைச் சொல்லச் சொல்ல
பின்வரிசைப் பிள்ளைகளின் காதுக்குள்
ஜெர்மனில் சொல்லவேண்டியவள் நான்.
முத்திரைகள் சுலபம். எக்காளங்கள் சுலபம்.
மிருகத்தின் இலக்கத்தைப் பிள்ளைகளே
என்னை முந்திச் சொல்லிவிடுவார்கள்.
வருகைதான் இடறும்.
தமிழில் அது பள்ளிக்கூட இடாப்பும்தான்,
பெயர் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்ல
ஓர் ஆள் வேண்டும்.
ஜெர்மனில் 'திரும்பி' வருதல்.
அந்தத் 'திரும்பி'யை
ஒவ்வொரு முறையும் நான்தான் சேர்க்கிறேன்.

இன்றைக்கு மாவரைக்கும் இரண்டு பெண்கள்.
ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள்,
மற்றவள் கைவிடப்படுவாள் என்றார் பாஸ்டர்.
மற்றவள் மிஞ்சியிருப்பாள் என்றேன் நான்.
கை விடுபட்டுப் போனது.
செய்தவர் பெயர் வேண்டாத வினை இது,
வேதத்துக்கும் பொலிஸ் அறிக்கைக்கும் பிடித்த வினை.

ஜெசிந்தா எழும்பினாள்.
"பாஸ்டர், நோவாவின்ர காலத்தில வெள்ளம் ஆரைக் கொண்டுபோனது?"
"துன்மார்க்கரை."
"மிஞ்சினது?"
"பேழைக்குள்ள இருந்தவை."
"அப்ப எடுபட்டவை கெட்டவை,
மிஞ்சினவை நல்லவை எண்டும் வாசிக்கலாமோ?"
அவர் தாளைப் புரட்டினார்.
அப்படியும் சிலர் சொல்லுவினம் என்றார்.
நேர்மையான மனிதர்,
மேலே ஒன்றும் சொல்லவில்லை.

"என்ர மனுசனை வானில வந்துதான் எடுத்தவை.
எந்தப் பக்கம் அவரை எழுதுறது?"

பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.
வான். ஹிம்மல் என்று சொல்ல வாய் திறந்து
மூடிக்கொண்டேன்.

எனக்குத் தெரியும்.
தெரியாது என்று கையெழுத்து வைத்தும் இருக்கிறேன்.
பதினொரு வருடத்துக்கு முன் பேர்னில்
நாற்காலியோடு நாற்காலி முட்ட மூன்று மணிநேரம்
அவளுடைய 'நான்' என் வாயில் இருந்தது.
வவுனியாவில் மில். இரண்டு கிலோ அரிசி.
அவர் பையை விரித்துப் பிடித்திருந்தார்,
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
வெள்ளை வான்.
யார் எடுத்தது என்று கேட்டார் அதிகாரி.
தெரியாது என்றேன், என்றாள்.
எடுத்துச்செல்லப்பட்டார் என்று தட்டச்சு செய்தார்கள்.
மா பாதிதான் அரைபட்டிருந்தது.
அதை யாரும் கேட்கவில்லை,
அவளாகச் சொன்னாள்.

சபையில் ஒன்பது மாதமாக
ஸ்தோத்திரம் அக்கா, ஸ்தோத்திரம் தங்கச்சி.
அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஜெபம் முடிந்தது. பற்றிஸும் தேத்தண்ணியும் முடிந்தன.
கதிரைகளை அடுக்கிவிட்டு எல்லோரும்
ஏழு நாற்பது ரயிலுக்கு ஓடினார்கள்.
கதவு கனம். இழுக்க இரண்டு பேர் வேண்டும்.
மிஞ்சியது அவளும் நானும்.

இழுத்தோம்.
"அண்டைக்கு அந்த வானை
அவங்களுக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?"

சொல்லக்கூடாது. சொன்னேன்.
"லீஃபர்வாகன்."
"அப்பிடியெண்டால்?"
"சாமான் கொண்டுவந்து குடுக்கிற வண்டி."

பூட்டின் சக்கரத்தில் கை வைத்தபடி
அவள் சிரிக்கத் தொடங்கினாள்.
"கொண்டுவந்து குடுக்கிறதோ?" என்றாள்.
"கொண்டுவந்து குடுக்கிறதோ, அக்கா?"