மூன்றாம் ஷிப்ட் முடிந்து

நான் தண்ணீரின் கல்லீரலில் வேலை பார்க்கிறேன்.
திருப்பூர், மங்கலம் ரோட்டுக்கு அந்தாண்டை.
நாற்பது சாயப்பட்டறையின் சிவப்பும் நீலமும்
ஒரே குழாயில் கறுப்பாக வந்து சேரும் இடம்.
சுண்ணாம்பு, காற்று, நுண்ணுயிர், சவ்வு.
விடியும்போது கடைசித் தொட்டியில்
என் முகம் தெரியும்.
உப்பு மட்டும் ஓரமாய்க் குவிந்து கிடக்கும்
போக்கிடம் இல்லாத பங்காளியைப் போல.

பதினெட்டு வருசத்தில் என் கல்லீரலை
ஒருதரம் நினைத்ததில்லை.
ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா
"கொழுப்பு படிஞ்சிருக்குதுங்க" என்றபோது
பக்கத்து வீட்டுக்காரன் சங்கதியைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
"ராத்திரி என்னங்க சாப்பிடுவீங்க?"
ரெண்டு மணிக்குப் பரோட்டா, சால்னா.
டீ ஆறு, சர்க்கரை தூக்கலாக.
டீக்கு ஒன்றாக பப்ஸ்.
நாலாவது பப்ஸில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

சேதி எனக்கு முன்னால் பிளாண்டுக்குப் போயிருந்தது.
பம்ப் ஆபரேட்டர் தேவசிகாமணி
பச்சைப் பாக்கெட் ஒன்றை நீட்டினான்.
"ஏழு நாள் பொடி. ஒடம்புல இருக்கற நஞ்செல்லாம்
வழிச்சு எடுத்துருமாம். ஆயிரத்து நானூறு.
உனக்குன்னா ஆயிரத்து எரநூறு."

லாக் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன்.
மார்ச் ஒன்பது,
எங்கிருந்தோ எண்ணெய் கலந்து வந்த ராத்திரி.
சவ்வு அடைத்துக்கொண்டது.
அன்றைக்கு எந்தப் பொடியைப் போட்டோம், தேவு?
வால்வைத் திருகி வரத்தைக் குறைத்தோம்.
புளோயரை ஓடவிட்டோம்.
கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம்.
நாலாம் நாள் அதுவாகத் தேறியது.
அவன் பாக்கெட்டை டிராயருக்குள் போட்டான்,
விலைபோகாத ஆட்டைச் சந்தையிலிருந்து
திருப்பி ஓட்டுகிற முகத்தோடு.

இப்போது தூக்குப்போசியில் கொள்ளுக் கடைசல் வருகிறது.
மரகதம் சோற்றைப் பாதியாக்கி
பண்ணைக்கீரையை ரெண்டு பங்காக்கியிருக்கிறாள்.
முதல் வாரம் வயிறு பேசிய பேச்சுக்கு
புளோயரே தோற்றது.

காலை ஆறு மணிக்கு பஸ்ஸை விட்டுவிட்டு
நொய்யல் ஓரமாய் நாலரை கிலோமீட்டர்.
பாலம் வருவதற்குள் சட்டை முதுகில் ஒட்டும்.
"வேர்வையில நஞ்சு போறதில்லைங்க,
தண்ணியும் உப்பும்தான்.
மத்ததெல்லாம் உள்ளயே நடக்குது,
நீங்க நடந்தாப் போதும்" என்றிருந்தார் டாக்டரம்மா.
இருக்கட்டும். உப்பு எனக்குப் பழக்கம்.

நேற்று பாலத்தடியில் ஆறு மெரூனாக ஓடியது.
யாருக்கோ இந்த வாரம் மெரூன் ஆர்டர்.
யாரும் பாராத ரெண்டு மணிக்கு,
சத்தமில்லாமல், ஒரு மதகைத் தூக்கியிருக்கிறான்.
கெட்ட வார்த்தை வாய்வரை வந்தது.
ரெண்டு மணி என்றதும் அங்கேயே நின்றுவிட்டது.

கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டி.
கொத்துப் பரோட்டா, முட்டை போட்டு.
தூக்குப்போசி திறக்காமல் பைக்குள் இருந்தது.
கீரையை நாய்க்குட்டியும் மோந்துவிட்டுப் போனது.

போட்டோ எடுத்தேன்.
புகார் எண்ணுக்கு அழைத்தேன்.
ஏழாவது மணிக்கு எடுத்தார்கள்.
"பேருங்க?"
"சென்னியப்பன்."
"எங்கீங்க பார்த்தீங்க?"
சொன்னேன், பாலம், நேரம், நிறம்.

இன்னொரு புகாரும் இருக்கிறது.
அதற்கு எண் கிடையாது.
பையைத் தோளில் மாற்றிக்கொண்டு
வீட்டைப் பார்த்து நடந்தேன்,
போசி முழுக்கக் கீரை குலுங்க.
மரகதம் எடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.