ஆறு மணிப் பாதை

கொப்பியை மூடாமல் டொக்டர் கேட்டார்:
"இந்த முறை என்ன யோசிச்சிருக்கிறீங்க?"

போன முறை யாரும் கேட்கவில்லை.
கேட்க நேரமும் இருக்கவில்லை.
துடிப்பு இறங்குது என்றார்கள்.
பேனையைத் தந்தார்கள்.
நான் வைத்த கையெழுத்து
என் கையெழுத்துப் போலவே இல்லை.
தியேட்டர் விளக்கில் ஏழு குமிழ், ஒன்று எரியவில்லை.
அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.
வர்ணிகாவை நான் பார்க்க முன்னம்
எத்தனை பேர் பார்த்திருந்தார்கள்!

நாலு வருசம்.
மழை இருட்டினால் தழும்பு இப்போதும் கடிக்கும்.
"வெட்டி எடுத்த புள்ளதானே,
நோவு தெரியாது உனக்கு" என்பாள் மச்சாள்.
வாட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து
மலகூடம் வரை நான் நடந்த பதினாறு அடியை
அவள் எண்ணவில்லை.

டொக்டர் நிதானமாகச் சொன்னார்.
நூறு பேர் முயன்றால்
எழுபது பேருக்கு மேல் நோர்மலாகும்.
இருநூறு பேரில் ஒருத்திக்கு
உள்ளே பழைய தையல் விட்டுக்கொடுக்கலாம்.
திரும்ப வெட்டுவதும் சும்மா இல்லை,
மூன்றாவது வேணுமென்றால் அதையும் யோசியுங்கள்.

இருநூறு.
குறுமண்வெளித் துறையில் ஒரு தரத்துக்கு
இருபது பேர் ஏறுவோம்,
மோட்டார்சைக்கிளும் மீன்பெட்டியுமாக.
அப்படியென்றால் பத்துத் தரத்துக்கு ஒருத்தி.
அவள் எந்தப் பக்கம் நிற்பாள்?
கம்பியோரமா?

கேதாரன் வெள்ளிக்கு வெள்ளி லொத்தர் எடுக்கிற ஆள்.
பத்து லட்சத்தில் ஒன்று தனக்குத்தான் என்பார்.
இருநூறில் ஒன்றுக்கு மட்டும்
"அது நமக்கு வராது கா" என்கிறார்.

எங்கட பக்கம் பாதை என்றால் றோட்டு இல்லை.
வாவியில் மிதக்கிற இரும்புத் தட்டு.
ஆறு மணிக்குக் கட்டிவிடுவார்கள்.
மறுகா பட்டிருப்புப் பாலத்தால் சுற்றவேணும்,
வெல்லாவெளி இருட்டில் யானை நிற்கும்.
நோவு மணிக்கூடு பார்த்தா வரும்?

"முப்பத்தெட்டாம் கிழமை வாட்டுக்கு வந்திரு,
தியேட்டர் பக்கத்தில இருந்தாத்தான் இந்த விளையாட்டு"
என்றா றஞ்சி மிஸ்.
அது வேளாண்மை வெட்டுக் காலம்.
வர்ணிகாவுக்கு ஆர் தலையிழுப்பது?

அசைவு எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
ராவு எண்ணினேன்.
ஏழாவதில் நித்திரையாகிவிட்டேன்,
எட்டாவதால் எழுப்பிவிட்டது.

எனக்குத் துணிவு காணாது.
மச்சாளுக்குக் காட்டவும் ஒன்றுமில்லை.
இது நடக்கிற நேரம்
நானும் அங்கே இருக்கவேணும்.
அவ்வளவுதான்.

முயன்று பார்க்கிறேன் என்றேன்.
வெட்டத்தான் வேணுமென்றால் வெட்டுங்கள்,
கத்தி வைக்க முன்னம்
என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒருதரம் சொல்லுங்கள்.
அவர் அதைக் கொப்பியில் எழுதினார்.
இங்கிலீசில்.
என்ன எழுதினார் என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.
வாசித்தார்.

பின்னேரப் பாதையில் சரியான சனம்.
"நடுவில நில்லு புள்ள, அங்கதான் ஆட்டம் குறைவு" என்று
பாதைக்காரர் ஒரு சைக்கிளை அரக்கினார்.

நான் கம்பியோரம் போய் நின்றேன்.
தண்ணி தெரியட்டும்.