முதல் வரியில் ஓர் அன்பர்

சுன்னாகம் சந்தைக்குள் நுழைய முன்னமே
கொப்பியின் முதல் வரியில்
ஒரு பொய் எழுதினோம்:
ஓர் அன்பர், ரூபா இரண்டாயிரம்.

யோசனை குலேந்திரனுடையது.
நேற்றுக் கொக்குவிலில்
முதற்கடைக்காரர் நூறு என்று எழுதினார்.
அதன் கீழே நூறு, நூறு, நூறு,
ஒருவர் மட்டும் நூற்றைம்பது,
பிறகும் நூறு.
நகைக்கடையும் நூறு.
"மேல இருக்கிறதைப் பாத்துத்தான்
கீழ எழுதுவினம்" என்றான்.

மலையில் மண் சரிந்து ஐந்து நாள்.
இத்தனை பேர் என்று சொல்லத் தொடங்கினால்
வெங்காயக்காரர் தராசைப் பார்க்கிறார்.
எண்ணிக்கை கூடக்கூட
முகம் தூரப் போகிறது.
ஒரு லயத்துக் கதவு
பூட்டுப் பூட்டியபடியே
ஆற்றங்கரையில் கிடந்ததாம் என்றேன்.
"பூட்டிப்போட்டோ படுத்தவை?"
மடியை அவிழ்த்தார்.

எந்த ஊர் என்று கேட்பார்கள்.
பெயரைச் சொல்வேன்.
அது எந்த மொழிப் பெயர் என்று
ஒரு கணம் காது கொடுத்துவிட்டு
சட்டைப்பைக்குள் கை போகும்,
அல்லது போகாது.
அரிசி ஆலைக்காரர்தான் வாய்விட்டுக் கேட்டார்:
"அந்த நேரம் எங்களுக்கு ஆர் தந்தது?"
எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.
யாரோ தந்த மாவில் ரொட்டி தின்றேன்.
சாக்கில் ஏதோ எழுதியிருந்தது.
வாசிக்கவில்லை. பசித்தது.

படம் எடுப்பீங்களோ என்று கேட்டு
புடவைக்கடை முதலாளி ஐயாயிரம் தந்தார்,
தாள்களை விசிறிபோல் விரித்து.
"மகன் ரொறன்ரோவில பாப்பான்."
அதைப் பார்த்துப் பக்கத்துக் கடை ஆறாயிரம்.
நான் குறை சொல்லமாட்டேன்.
அரிசிக்குத் தெரியாது
ஆர் ஆரைப் பார்த்துத் தந்தது என்று.

மரியநேசம் அக்கா
வாழைக்குலையை வெட்டியபடி கேட்டார்:
"தறப்பாள் என்ன நிறம்?"
நீலம்.
"நீலம் வெயிலுக்குக் கொதிக்கும்."
இரண்டு வருடம் அதன் கீழ் சமைத்தவர்.
"டின்மீன் அனுப்புறியளோ?"
ஓம்.
"திறக்கிறதுக்கு?"

குலேந்திரன் என்னைப் பார்த்தான்.
நான் கொப்பியைப் பார்த்தேன்.

"எங்களுக்கும் பெட்டி பெட்டியாத் தந்தவை.
கல்லில தேய்ச்சுத் தேய்ச்சுத் திறந்தனாங்கள்.
மூத்தவன்ரை பெருவிரலில இப்பவும் தழும்பு."
கத்தியைத் துடைத்து வைத்தார்.
கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு
எங்கோ போனார்.
திரும்பி வந்தபோது
பேப்பரில் சுற்றிய முப்பத்தாறு டின் வெட்டிகள்.
தொகை எவ்வளவு என்று போட என்றேன்.
"அதெல்லாம் போடாதை."
அன்றைய விற்பனை முழுக்க அதுதான் என்று
பக்கத்துக் கடைப் பெடியன்
பிறகு சொன்னான்.

பின்னேரம் சங்கக்கடை விறாந்தையில் எண்ணினோம்.
எழுதினதைவிட
இரண்டாயிரம் குறைவு.
"அந்தத் தாளைக் கிழிப்பம்."
அதே தாளில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள்.
வெங்காயக்காரர் இருந்தார்.
மரியநேசம் இருந்தார், எதிரே ஒரு வெற்றிடத்தோடு.

என் சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
கைப்பையில் ஆயிரத்து எழுநூறு,
பெற்றோலுக்கு வைத்தது.
மிச்ச முந்நூறை அவன் வைத்தான்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.
இரக்கமோ என்று கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.
கணக்குச் சரிவர வேண்டியிருந்தது.

லொறியில் சாக்குகளை ஏற்றும்போது
டின் வெட்டிகள் உள்ளே கிலுங்கின.

நாளைக்கு மானிப்பாய்.
புதுக் கொப்பி, கோடு போட்ட முதல் பக்கம்.
பேனையை என்னிடம் நீட்டிக்கொண்டு
நிற்கிறான்.